பதோரி சரிவில் பன்னிரண்டு பேர்

ஔந்த், புனே
20.1.1997

சிரஞ்சீவி கோவிந்தராஜுக்கு, அத்திம்பேர் லக்ஷ்மிநாராயணன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அக்கா பாமாவும் ரஞ்சனியும் சௌக்கியம். நீயும் மணாலியில் விறைத்துப் போகாமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு வரவில்லை. பனி விழுகிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று ஒரு காரணம். நீ நின்று பார்க்காவிட்டால் பனி விழாதா? பௌதிகத்தில் தங்க மெடல் வாங்கியவன் பனிச்சரிவு ஆராய்ச்சி என்று பதினோரு வருஷமாகப் பனியில் குழி தோண்டி, அதில் இறங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன், வேறென்ன செய்வது? மேஜை வேலையாக ஒன்று பார்த்துக்கொள் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு மே மாதம் உங்கள் பக்கம் வருகிறது. பதோரி கணவாயின் உச்சிவரை ஏறி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அடிவாரத்துக்குத் திரும்புவதாகத் திட்டம். பன்னிரண்டு பேர். தலைவர் நான். ரஞ்சனியும் வருகிறாள். எங்கே தண்ணீர் கிடைக்கும், கூடாரம் எங்கே போடலாம், கோவேறு கழுதைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரங்களை மட்டும் எழுது. மலை ஏறுவது எப்படி என்று எழுத வேண்டாம். இருபது வருஷமாக ஞாயிறுதோறும் ஸிம்ஹகட் கோட்டை மலை ஏறுகிறவனுக்கு அது தெரியும். கொட்டுகிற மழையில் ஓடைகளைக் கையோடு கை கோத்துச் சங்கிலியாகக் கடக்கிற குழு எங்களுடையது. இதுவரை ஒரு கை நழுவியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பாமா ரசப்பொடி அனுப்பியிருக்கிறாள்.

ஆசீர்வாதத்துடன்,
லக்ஷ்மிநாராயணன்


மணாலி
6.2.1997

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் அவர்களுக்கு, கோவிந்தராஜ் சாஷ்டாங்க நமஸ்காரம். நான் சௌக்கியம். மூக்கு மட்டும் மரத்துப் போயிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுவும் சூடாகிவிட்டது.

தண்ணீர், கூடாரம், கழுதை மூன்றுக்கும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கழுதைக்காரரிடம் குழுத் தலைவர் நீங்கள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

ஸிம்ஹகட் பற்றி எழுதியிருந்தீர்கள். உச்சியில் மண்சட்டியில் தயிர் விற்கிறார்களே, அந்த ஸிம்ஹகட்தானே? தயிர்க்காரப் பெண்கள் தலையில் பானையோடு தினமும் ஏறுகிற இடத்துக்கு நீங்கள் வாரம் ஒரு முறை ஏறுகிறீர்கள். சந்தோஷம்.

பதோரியில் கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு சரிவைக் குறுக்காகக் கடந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. பார்க்க வெகு சாதுவாக இருக்கும். ஆனால் டிசம்பரில் விழுந்த பனி, குளிரில் சர்க்கரை மாதிரி உதிரியாகிவிட்டது. அதற்கு மேல் காற்று கொண்டுவந்து அடைத்த பனி பலகையாக இறுகியிருக்கிறது. சர்க்கரை மேல் பலகை, பலகை மேல் நீங்கள். கை கோத்துப் பன்னிரண்டு பேர் ஏறினால் அத்தனை எடையும் ஒரே இடத்தில் இறங்கும். உடைந்தால் எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சேருவீர்கள். தோண்டி எடுக்க ஒருவர்கூட மிஞ்சமாட்டார். அதனால்தான் ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பாறை ஓரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் அக்கரை சேர்ந்தபின் அடுத்தவர்.

இதைவிட நல்ல யோசனை, ஜூன் கடைசியில் வாருங்கள். பனி இளகி ஓடியிருக்கும். போட்டோவில் நீங்களும் தெளிவாக விழுவீர்கள்.

அக்காவுக்கு நமஸ்காரம், ரஞ்சனிக்கு அன்பு. ரசப்பொடி பிரமாதம்.

தங்கள்
கோவிந்தராஜ்


ஔந்த், புனே
27.2.1997

சி. கோவிந்தராஜுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். உன் மூக்கும் நலம் என்று தெரிகிறது, அதன் நீளம் கடிதம் முழுக்கத் தெரிந்தது.

உன் கடிதத்தை ஸிம்ஹகட் அடிவாரத்தில் போஹா சாப்பிடும்போது குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹடப்சரில் இருக்கிற ஜம்பு இல்லையா, என் சிநேகிதர், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஓய், உம்ம மச்சினன் பனிக்கு ஜாதகம் பாக்கறானா? சர்க்கரைங்கறான், பலகைங்கறான், பொண்ணு பாக்கப் போன எடத்துல டிபன் பத்திச் சொல்றாப்பல இருக்கே!” என்றார். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

ஒருவரைத் தனியே அனுப்பிவிட்டுப் பதினோரு பேர் பாறை ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டுமாம். அதற்கு உங்கள் ஆபீஸில் விஞ்ஞானம் என்று பெயர் போலிருக்கிறது. எங்களுக்கு அது வெட்கங்கெட்டதனம். போனால் சேர்ந்து போவோம், வந்தால் சேர்ந்து வருவோம்.

லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. மே மாதம்தான். சத்தம் போட்டால் பனி சரியும் என்று ஜம்பு எங்கோ படித்தாராம். வாயை மூடிக்கொண்டு கடக்கிறோம், போதுமா?

வேளைக்குச் சாப்பிடு.

லக்ஷ்மிநாராயணன்


மணாலி
15.3.1997

அத்திம்பேருக்கு நமஸ்காரம். நலம், நலம் அறிய ஆவல்.

பனிக்குக் காது கிடையாது. ஜம்பு சாரை பஜனை பாடிக்கொண்டே வரச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகாது. அவருடைய தொந்திதான் ஆபத்து. எடைதான் கணக்கு.

நீங்கள் கேட்கப்போவதில்லை, தெரியும். ரஞ்சனி வருகிறாள் என்பதால் எழுதுகிறேன். சரிவின் ஓரத்தில், பாறையை ஒட்டி, இடுப்பளவு குழி தோண்டுங்கள். குழியின் சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சதுரத் தூணாக வெட்டி விடுங்கள். தூணின் தலையில் பனி வாரும் ஷவலைப் படுக்க வைத்துக் கையால் தட்ட வேண்டும். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்து. பிறகு முழங்கையிலிருந்து. பிறகு தோளிலிருந்து ஓங்கி. தோள் வரை போயும் தூண் அசையாவிட்டால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். மணிக்கட்டுத் தட்டுக்கே மேல்பாகம் மேஜை டிராயர் மாதிரி நழுவி வந்தால், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட வேண்டும். இதற்கு மெடல் தேவையில்லை, கையும் கண்ணும் போதும். புனேக்காரர்களுக்கும் அவை இருக்கும்.

இன்னொன்று. அந்தச் சரிவுக்கு அப்பால் எங்கள் பனி அளக்கும் கருவிக் கம்பம் ஒன்று நிற்கிறது. மே மாதம் அதைக் கழற்ற நானும் அங்கே போக வேண்டும். ஆட்டிடையர், கழுதைக்காரர், யார் அந்தச் சரிவைக் கடந்தாலும், கடக்காமல் திரும்பினாலும், அடிவாரத்தில் பஸ் கண்டக்டரிடம் ஒரு வரி எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். மறுநாள் என் மேஜைக்கு வந்துவிடும். அதைப் பதிவு செய்துகொள்வேன். நீங்களும் எழுதிக் கொடுங்கள்.

கோவிந்தராஜ்


ஔந்த்
2.4.1997

அன்புள்ள தம்பி கோவிந்தாவுக்கு, அக்கா பாமா ஆசீர்வாதம். எனக்கு முட்டி வலி தவிர வேறு குறையில்லை. நீ மெலிந்துவிட்டாய் என்று போட்டோவைப் பார்த்தால் தெரிகிறது.

நீங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொள்கிற கடிதங்களை குழாயடிச் சண்டை போடுகிற பொம்மனாட்டிகள் படித்தால் வெட்கப்படுவார்கள். ஒருத்தருக்கு இருபது வருஷத்து ஸிம்ஹகட் கர்வம். இன்னொருத்தனுக்குப் பதினோரு வருஷத்துப் பனிக் கர்வம். நடுவில் என் பெண்.

உன் கடிதங்களை இவர் குழுவில் வாசித்துச் சிரிக்க வைப்பது வழக்கம். கடைசியாக வந்ததை மட்டும் வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவன் எழுதினா எல்லாமே வேதமா? போடி, காபி கொண்டா” என்றார்.

எனக்கு ஒரே ஒரு பதில் சொல். கேலி வேண்டாம். ரஞ்சனியை அனுப்பலாமா, கூடாதா?

பாமா


மணாலி
14.4.1997

அக்காவுக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அனுப்பாதே. இந்த வாரமும் பனி கொட்டுகிறது, பலகை தடித்துக்கொண்டே போகிறது. அத்திம்பேருக்கு இதைச் சொன்னால் அதற்காகவே கிளம்புவார். நான் வேண்டாம் என்று சொல்வது அவருக்கு நல்ல சகுனம்.

ரஞ்சனி கேட்கமாட்டாள் என்றால், ஒன்று மட்டும் அவள் காதில் போட்டு வை. அந்தச் சரிவில் அப்பாவின் கையை அவள் பிடிக்கக் கூடாது. அப்பா எத்தனை கத்தினாலும் கூடாது.

கோவிந்தா


பதோரி அடிவாரம்
9.5.1997, சாயங்காலம்

சி. கோவிந்தராஜுக்கு ஆசீர்வாதம். அனைவரும் க்ஷேமம்.

இன்று பதினோரு மணிக்குப் பன்னிரண்டு பேரும் உன் சரிவைக் கடந்தோம். கையோடு கை கோத்து. திரும்பும்போதும் அப்படியே. பலகையும் அசையவில்லை, சர்க்கரையும் உதிரவில்லை. ஜம்பு பாட்டு வேறு பாடினார். பதினோரு வருஷமாக நீ எதைத் தோண்டிக்கொண்டிருக்கிறாய் என்று தெரியவில்லை. நாளை நேரே சண்டிகர் போய் ரயில் ஏறுகிறோம், மணாலிக்கு வர நேரமில்லை.

கார்டு கண்டக்டர் மூலம். பதிவு செய்துகொள்.

லக்ஷ்மிநாராயணன்


ஔந்த்
30.5.1997

அன்புள்ள கோவிந்தாவுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். நீ எப்படி இருக்கிறாய்? கார்டு போட்டேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து உன் ஆபீஸுக்கு எஸ்.டி.டி. போட்டேன். “சாப் பாஹர் கயே ஹைன்”, ஐயா வெளியே போயிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஜெயித்துவிட்டு வந்தவர் வீடே அதிரப் பேசுவார் என்று காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். இவரானால் வாயே திறக்கவில்லை. இரண்டு ஞாயிறாக ஸிம்ஹகட் போகவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிறார். இந்த வெயிலில் எங்கே மழை? கணவாய் போட்டோ எங்கே என்று கேட்டால் ரோல் வீணாகிவிட்டதாம். ரஞ்சனியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீ தோற்றுவிட்டதால் எழுதவில்லையா? உன் கர்வத்தைத் தூக்கி உடைப்பில் போடு. இரண்டு வரி எழுது.

பாமா


சண்டிகர்
18.6.1997

அத்திம்பேருக்கு நமஸ்காரம். நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். தந்தி கொடுக்க வேண்டாம் என்று ஆபீஸில் நான்தான் சொன்னேன். அக்கா பயப்படுவாள்.

உங்கள் கார்டு மறுநாளே வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் கம்பத்தைக் கழற்ற நானும் ஹீராசந்தும் பதோரி போனோம். அவர் என்னோடு எட்டு வருஷமாக வேலை செய்கிறவர். சரிவின் ஓரத்தில் வழக்கம் போலக் குழி தோண்ட அவர் ஷவலை எடுத்தார். வேண்டாம் என்றேன். புனேயிலிருந்து வந்த பன்னிரண்டு பேர், தயிர் சாப்பிட மலை ஏறுகிறவர்கள், பட்டப்பகலில் கை கோத்துப் போய்த் திரும்பியும் வந்திருக்கிறார்கள், அவர்களைத் தாங்கின சரிவு என்னைத் தாங்காதா என்று நினைத்தேன். சரிவில் தடம் ஒன்றுகூட இல்லை. இரவுக் காற்று அழித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி தூரம் போவதற்குள் தலைக்கு மேலே நீளமாக ஒரு கோடு விழுந்தது. அப்புறம் சரிவே நகர்ந்தது.

ஹீராசந்த் பாறை ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கடைசியாக நான் பட்ட இடத்துக்குக் கீழே தோண்டினார். மூச்சு நிற்பதற்குள் எடுத்துவிட்டார். இந்த வெட்கங்கெட்டதனத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது.

இடது தொடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, முழங்காலும் போய்விட்டது. இனி மலைக்குப் போக முடியாதாம். நீங்கள் ஆசைப்பட்டபடி மேஜை வேலைதான். சந்தோஷப்படுங்கள்.

கோவிந்தராஜ்


ஔந்த்
6.7.1997

டியர் மாமா, ரஞ்சனி நமஸ்காரம். கால் எப்டி இருக்கு? நான் தமிழ்ல எழுதி ரொம்ப நாள் ஆச்சு, பேசற மாதிரியே எழுதறேன். இங்கிலீஷ்ல எழுதினா ஏதோ ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கும், அதான்.

உங்க லெட்டர் வந்தப்போ அப்பா நின்னுண்டே படிச்சார். அப்புறம் உக்காந்துட்டார். அம்மா பிடுங்கிப் படிச்சுட்டு அழ ஆரம்பிச்சா. அம்மா அடுத்த வாரம் கிளம்பி அங்க வரா. அப்பா வரலை.

மாமா, நாங்க கிராஸ் பண்ணவே இல்லை.

சரிவு ஓரத்துக்குப் போனோம். எல்லாரும் சங்கிலி போட ரெடியா நின்னா. நான் கை குடுக்க மாட்டேன்னு சொன்னேன். அப்பாக்குக் கோபம் வரும்னு நினைச்சேன். அவர் பாக்கெட்லேர்ந்து உங்க லெட்டரை எடுத்தார். அதைப் பாத்துப் பாத்துக் குழி தோண்டினார். ஜம்பு மாமா சிரிச்சார், யாரும் கூட சிரிக்கலை. தூண் வெட்டி, மேல ஷவல் வச்சு, மணிக்கட்டால தட்டினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவதுல மேல் பாதி அப்படியே நழுவி அவர் மடில வந்து விழுந்தது. சத்தமே வரலை மாமா. அடில அந்தச் சர்க்கரை. அப்பா அதைக் கைல எடுத்துப் பாத்துண்டே இருந்தார். என் கையையும் பாத்தார்.

அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு, “யாரும் கை கோக்க வேண்டாம். தள்ளித் தள்ளி எறங்குங்கோ” அப்டின்னார். கீழ வந்ததும் சத்தியம் வாங்கிண்டார், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. முக்கியமா உங்ககிட்ட. அந்தக் கார்டுல என்ன எழுதினார்னு உங்க லெட்டரைப் படிச்சப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. நாங்க கிராஸ் பண்ணலைங்கறது அம்மாக்கு இன்னும் தெரியாது.

நான் சத்தியத்தை ஒடைச்சுட்டேன். எனக்கு வேற வழி தெரியலை.

ரஞ்சனி


சண்டிகர்
2.8.1997

அத்திம்பேருக்கு. நமஸ்காரம் போடக் கை வரவில்லை, ஆனாலும் போட்டுவிட்டேன். அக்கா வந்து பத்து நாள் இருந்து, திட்டிக்கொண்டே ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ரஞ்சனி என்னிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீட்டில் முதுகெலும்பு உள்ளவள் அவள் ஒருத்திதான்.

பதோரி சரிவிலிருந்து திரும்பியிருக்க வேண்டியவர்கள் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பட்டாளத்து ஆபீஸர்கள், வெள்ளைக்காரர்கள், டாக்டர்கள். குழி தோண்டி, தட்டிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு திரும்பியவர் நீங்கள் ஒருவர்தான். பதினோரு பேரைச் சாகாமல் இறக்கிக் கொண்டுவந்தீர்கள். அதைப் போய் மறைத்தீர்கள். திருடன்கூடத் திருடியதைத்தான் மறைப்பான். நீங்கள் செய்த ஒரே நல்ல காரியத்தை மறைத்திருக்கிறீர்கள். உங்களைப் போல ஓர் அற்பனை நான் பார்த்ததில்லை.

ஏன் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். இங்கே வேறு வேலை இல்லை. ‘திரும்பிவிட்டோம்’ என்று உங்கள் கார்டில் இருந்திருந்தால் நான் சிரித்திருப்பேன். ஹீராசந்துக்கும் வாசித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருப்பேன். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வகையில் என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் ஆபீஸில் அந்தச் சரிவுக்கு ஒரு கோப்பு உண்டு. அதில் மே ஒன்பதாம் தேதிக்கு நேரே, ‘பன்னிரண்டு பேர் கை கோத்துக் கடந்தனர், சரிவு அசையவில்லை’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. என் இடத்துக்கு ஒரு பையன் வரப்போகிறான். இன்னொரு மே மாதம் அவன் அதைப் புரட்டிப் பார்ப்பான். நம்புவான். அவனுக்கு உங்களைத் தெரியாதே.

அந்த வரியை நான் அடிக்க முடியாது. பார்த்தவர் எழுதித் தர வேண்டும், அதுதான் எங்கள் முறை. எழுத மனசு வராவிட்டால் இனி எனக்கு ஆசீர்வாதமும் எழுத வேண்டாம்.

கோவிந்தராஜ்


புனே
14.9.1997

மே 9. பதோரி கணவாய்க்குக் கீழே உள்ள சரிவு. பகல் பதினோரு மணி இருக்கும். நல்ல வெயில். சரிவின் ஓரத்தில், பாறையை ஒட்டி, இடுப்பளவு குழி. தூண் ஒரு முழ அகலம். மணிக்கட்டால் தட்டியதில் மூன்றாவது தட்டுக்கு மேல்பாகம் டிராயர் போல நழுவி விழுந்தது. அடியில் சர்க்கரை போன்ற உதிரிப் பனி, நாலு விரல் கனம்.

பன்னிரண்டு பேர். கடக்கவில்லை. கை கோக்காமல், இடைவெளி விட்டுத் திரும்பினோம்.

அன்று நான் அனுப்பிய கார்டு பொய்.

பார்த்தவர்: லக்ஷ்மிநாராயணன், ஔந்த், புனே.

இதைக் கோப்பில் வை. சிரித்துவிட்டே வை.